சிவப்பு எழுத்துக் குவளை: முழக்கத்தை வைத்து வயது சொல்ல முடியாது

கேள்வி: 'மக்களுக்குச் சேவை செய்' என்று சீன எழுத்தில் பொறித்த எனாமல் குவளை ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கலாசாரப் புரட்சிக் காலத்து (சீனாவில் மாவோ நடத்திய அரசியல் இயக்கம், 1966-76) அசல் என்கிறார் தரகர். அந்த முழக்கம் அந்தக் காலத்தில்தான் இருந்ததாம். சான்றிதழும் உண்டு. நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அந்த முழக்கம் கலாசாரப் புரட்சியில் பிறக்கவும் இல்லை, அதோடு மறையவும் இல்லை.

1944 செப்டம்பர் 5 அன்று, ஷான்சி மாகாணத்தில் கரி சுடும் சூளை சரிந்து ஜாங் சிடே என்ற 29 வயதுப் படைவீரர் இறந்துபோனார். மூன்று நாள் கழித்து, அப்போது சீனக் கம்யூனிஸ்டுகளின் தளமாக இருந்த யெனானில் நடந்த இரங்கல் கூட்டத்தில் அவர்களின் தலைவர் மாவோ பேசினார். அந்தப் பேச்சின் தலைப்புதான் உங்கள் குவளையில் இருப்பது. 1966க்குப் பிறகு நாடு முழுக்க அதை மனப்பாடம் செய்தார்கள். அப்போது குவளை, துணிப்பை என்று எதையும் விடவில்லை என்பது உண்மைதான். ஆனால் இன்றும் பெய்ஜிங்கில், சீனத் தலைமை இயங்கும் ஜோங்னான்ஹாய் வளாகத்தின் வாயிலில், மாவோவின் கையெழுத்தில் அதே வாசகம் நிற்கிறது. ராணுவ அணிவகுப்பில் தலைவரின் வாழ்த்துக்கு வீரர்கள் பதிலாக முழங்குவதும் அதுதான். சுற்றுலாக் கடைகளில் புதுக் குவளையும் பையும் இதே எழுத்தோடு விற்கிறார்கள்.

'கிராமத்து வீட்டுப் பரணில் கிடைத்தது' என்பார்கள். எனாமலை உடைத்துத் துருப்பிடிக்க வைப்பது பெரிய வேலையே இல்லை. சான்றிதழ் அதைவிட மோசம். விற்பவரே காசு கொடுத்து வாங்கும் காகிதம் அது. யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், கேட்க ஆளில்லை. இத்தனை பேர் ஏமாந்த பிறகும் இது நடப்பது எனக்குத் தாங்கவே இல்லை.

பொருளின் வயதை ஓரளவு காட்டும் விதிவிலக்கு ஒன்று உண்டு: லின் பியாவோ. மாவோவின் வாரிசாக அறிவிக்கப்பட்டவர், 1971 செப்டம்பர் 13 அன்று மங்கோலியாவில் விமானம் விழுந்து இறந்தார். அதன் பிறகு துரோகி ஆக்கப்பட்டார். மாவோவின் மேற்கோள்களைத் தொகுத்த சிவப்புப் புத்தகத்தில் அவர் எழுதிய முன்னுரையை மக்கள் கிழித்து எறிந்தார்கள். ஆகவே அவர் பெயரோ கையெழுத்தோ இருக்கும் பொருள் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் வாய்ப்பு மட்டுமே; முன்னுரையோடு மறு அச்சு போட்டு, பக்கத்தைக் கிழித்தே விற்கவும் முடியும். கிழிசலைக் காட்டி விலை ஏற்றினால் நகர்ந்துவிடுங்கள். உங்கள் குவளையில் லின் பியாவோ இல்லை, அதனால் அந்தக் கேள்வியே எழவில்லை.

சரி, அழகாக இருக்கிறது, வேண்டும் என்றால் புதுக் குவளையின் விலைக்குக் கேளுங்கள். முன்பணம் மட்டும் கொடுக்காதீர்கள்.