சீனக் கடற்படை இப்படிப் பெருகுகிறதே, மலேசியாவுக்கு ஆபத்தா?

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடைகளில் இந்தப் பேச்சு வந்தால் கப்பல் கணக்கோடு நின்றுவிடும். கப்பல் எண்ணிக்கையில் உலகின் மிகப் பெரிய கடற்படை இன்று சீனாவுடையதுதான். லியாவ்னிங் 2012, ஷான்டோங் 2019, ஃபூஜியான் 2025 என மூன்று விமானந்தாங்கிக் கப்பல்களும் வந்துவிட்டன. ஆனால் கத்தி புதிதாக இருந்தால் போதுமா, ரப்பர் பால் வெட்டக் கை பழக வேண்டாமா? சீனா கடைசியாகப் பெரிய தரைப்போர் நடத்தியது 1979இல், வியட்நாமோடு.

நோக்கத்தை அளக்க நான் போர்க்கப்பலைப் பார்ப்பதில்லை, வெள்ளை நிறக் கடலோரக் காவல் கப்பல்களைத்தான் பார்ப்பேன். சரவாக்கிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தள்ளி, கடல்வளத்தை எடுக்கும் உரிமை நமக்கே உள்ள நம் பொருளாதார மண்டலத்துக்குள் இருக்கும் பெத்திங் பத்திங்கி அலி கடல் திட்டுகள் பக்கம் அவை 2013 முதலே சுற்றுகின்றன. குண்டு வெடிக்காது, 'இது எங்கள் இடம்' என்பது மட்டும் மெல்லப் பழக்கமாகிவிடும். 2021 மே 31இல் 16 சீன ராணுவ விமானங்கள் சரவாக் அருகே வர, லாபுவானிலிருந்து நம் ஹாக் போர் விமானங்கள் எழும்பின.

ஆகவே படையெடுப்புக்கு நான் அஞ்சவில்லை. அந்தக் கடலில் நாம் செய்யும் எண்ணெய், எரிவாயுத் துரப்பணத்தின் மீதான நெருக்கடிதான் கவலை. 2009 முதல் நம் முதல் வணிகக் கூட்டாளியும் சீனாதான் என்பதால், கோலாலம்பூர் குரலைத் தாழ்த்தியே பேசுகிறது.