துகள்கள் ஒட்டுவதும் உடைவதும்: கேள்வி பதில்

சார், கோடிக்கணக்கான துகள்கள் மோதி ஒட்டுகின்றன. ஒவ்வொன்றையும் பின்தொடராமல் எப்படிக் கணக்குப் போடுவது?

பின்தொடரவே வேண்டாம். ஒற்றைத் துகள்கள் எத்தனை, இரண்டு சேர்ந்த கொத்துகள் எத்தனை, மூன்று சேர்ந்தவை எத்தனை என்ற எண்ணிக்கை போதும். 1916-இல் இயற்பியலாளர் ஸ்மொலுகோவ்ஸ்கி பிடித்த வழி இது. 5 துகள் கொத்தைப் பாருங்கள். 1-உம் 4-உம், அல்லது 2-உம் 3-உம் சேர்ந்தால் அது உருவாகும். அது வேறெதனுடனாவது ஒட்டிவிட்டால் 5-இன் கணக்கில் கழியும். இந்த வரவு செலவை எழுதினால் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு வகைக்கெழுச் சமன்பாடு (எண்ணிக்கை மாறும் வேகத்தைச் சொல்வது) கிடைக்கும்.

அந்தச் சமன்பாட்டின் வரவுப் பகுதியை ½-ஆல் பெருக்குகிறார்களே, எதற்கு?

கூட்டும்போது (1,4), (4,1) இரண்டும் வந்துவிடும். நடந்த மோதல் ஒன்றுதானே, அதனால் பாதியாக்குகிறோம்.

கெர்னலை மாறிலி என்று வைத்துக்கொள்ளலாமா?

எந்த இரண்டு அளவுகள் எவ்வளவு வேகமாகச் சந்தித்து ஒட்டும் என்று சொல்வது கெர்னல். மாதிரியின் உயிரே அதில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். மாறிலி என்றால் விடை எளிது: ஒற்றைத் துகள்களோடு தொடங்கி 1 மணி நேரத்தில் கொத்துகளின் மொத்த எண்ணிக்கை பாதியானால், 2 மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு, 3 மணி நேரத்தில் கால் பங்கு. ஆனால் திரவத்தில் பிரௌனியன் இயக்கத்தால் (துகள்களின் ஒழுங்கற்ற அலைச்சலால்) மோதும்போது, ஆரங்களின் கூட்டுத்தொகையையும் அவற்றின் தலைகீழிகளின் கூட்டுத்தொகையையும் பெருக்க வேண்டும். சம ஆரம் என்றால் 2 × 2 = 4. ஆரம் 1-உம் 10-உம் என்றால் 11 × 1.1 = 12.1. அதாவது பெரியது சிறியதைச் சீக்கிரம் பிடித்துவிடுகிறது. அளவுகள் நெருக்கமாக இருக்கும்வரை மாறிலி தாங்கும், அப்புறம் தாங்காது.

பெருக்கல் கெர்னல், அதாவது ஒட்டும் வேகம் இரண்டு அளவுகளின் பெருக்கலுக்கு ஏற்ப என்று போட்டேன். ஒரு கட்டத்தில் மொத்த நிறை குறைகிறது. நிரலில் பிழையா?

பிழையாக இல்லாமலும் இருக்கலாம். ஒற்றைத் துகள்களோடு தொடங்கினால், தகுந்த அலகில், நிறை சார்ந்த சராசரி அளவு (ஏதோ ஒரு துகளை எடுத்தால் அது இருக்கும் கொத்தின் சராசரி அளவு) 0.9 நேரத்தில் 10, 0.99-இல் 100, 1-இல் முடிவிலி. அங்கே ஜெல் என்னும் ஒரே ராட்சதக் கொத்து உருவாகி நிறையை விழுங்கத் தொடங்குகிறது. நிரலின் அதிகபட்ச அளவை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். நிறை குறையத் தொடங்கும் நேரம் 1-ஐ ஒட்டியே நின்றால் ஜெல். தள்ளிக்கொண்டே போனால் உங்கள் எல்லைதான் நிறையைத் தின்கிறது.

10 லட்சம் அளவுகள், கணினி திணறுகிறது. என்ன செய்யலாம்?

1, 2, 4, 8 என்று இரட்டிப்புப் பெட்டிகள் வையுங்கள், சுமார் 20 போதும். 4-உம் 1-உம் சேர்ந்து 5 ஆனால் அதற்குத் தனிப் பெட்டி இல்லை, எனவே முக்கால் பங்கை 4-இலும் கால் பங்கை 8-இலும் போடுங்கள். எண்ணிக்கை 1, நிறை 3 + 2 = 5, இரண்டும் தப்பும்.

உடைதலையும் சேர்த்தால்?

உடைந்த துண்டுகளின் நிறை பழைய நிறைக்குச் சமமா என்று முதலில் சரிபாருங்கள். ஒட்டுதலும் உடைதலும் சமன்பட்டால் அளவுப் பரவல் நிலைத்துவிடும். சனிக்கோளின் வளையத் துகள்களுக்கும் இப்படி விளக்கம் தருகிறார்கள். ஆனால் ஒட்டுதலே இல்லாமல், சிறியதாக ஆக ஆக உடையும் வேகம் கூடும் விதியைப் போட்டால், குறித்த நேரத்துக்குள் நிறையின் ஒரு பகுதி, அளவு பூஜ்யமான தூசியாகப் போய்விடும். 1987-இல் மெக்ரேடி, ஜிஃப் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்த நிலை அது.