வெயிலை வெயிலாகவே வாங்குங்கள்

அன்புள்ள ஐயா,

வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். கோத்தகிரி பக்கம் எட்டு சென்ட் வாங்கி, நானும் மனைவியும் இருக்க ஒரு சின்ன வீடு கட்டத் தொடங்கியிருக்கிறோம். லடாக்கில் வெளியே மைனஸ் 15 டிகிரி குளிரிலும் வெயிலை மட்டும் வைத்தே வீட்டைக் கதகதப்பாக வைத்திருக்கிறார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அப்போதிருந்து ஒரே யோசனை. ஈ.பி. இணைப்பே வாங்காமல் கீசர், ரூம் ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாவற்றையும் சோலாரில் ஓட்டலாம் என்றிருக்கிறேன். 5 கிலோவாட் பேனல் போதும் என்கிறார் ஒருவர். மனைவி சிரிக்கிறாள். தற்சார்பாக வாழ நினைப்பது பைத்தியக்காரத்தனமா?

கே., திருப்பூர்

அன்புள்ள கே,

பைத்தியக்காரத்தனம் இல்லை. ஆனால் வீட்டம்மா ஏன் சிரித்தார் என்று கேட்டீர்களா? அவர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். நானும் போட்டேன்.

2 கிலோவாட் ரூம் ஹீட்டரை ராத்திரி நான்கு மணி நேரம் ஓட்டினால் 8 யூனிட். கீசருக்கும் அடுப்புக்கும் சேர்த்து 5. ஃப்ரிட்ஜ், விளக்கு, டிவிக்கு 2. ஆக ஒரு நாளைக்கு 15 யூனிட். நல்ல வெயில் நாளில் ஒரு கிலோவாட் பேனல் சுமார் 4 யூனிட் தரும். 5 கிலோவாட் போட்டால் 20. உங்களிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை, வெயிலடிக்கிற நாளை மட்டும் சொல்லியிருக்கிறார். கோத்தகிரிக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். மூன்று நாள் மூடாப்பாக இருந்தால் 45 யூனிட்டைச் சேமித்து வைத்திருக்க வேண்டும். நம் வீடுகளில் இன்வெர்ட்டருக்கு வைக்கிறோமே, 150 ஆம்பியர் ஹவர் பாட்டரி, அதைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். அப்படிப் பார்த்தால் ஒன்றில் எடுக்க முடிவது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. ஐம்பது பாட்டரி வேண்டும். அதற்குத் தனி அறை கட்ட வேண்டும், மாதாமாதம் ஐம்பதுக்கும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். லித்தியம் வாங்கினால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம், விலையைக் கேட்டால் எட்டு சென்டையே விற்கச் சொல்லும்.

வெயிலைக் கரண்டாக்கி, கரண்டைப் பாட்டரியில் அடைத்து, அதை எடுத்து மறுபடி சூடாக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. பேனல் தன் மேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் கரண்டாக்குகிறது. தண்ணீர் காய வைக்கும் சோலார் ஹீட்டர் பாதியைச் சூடாகவே பிடித்துக்கொள்ளும். நூறு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோகச் சுமார் 4 யூனிட் ஆகும். பேனல் வழியாக என்றால் ஒரு கிலோவாட் பேனலின் முழு நாள் உழைப்பும் அதற்கே போய்விடும். என் பாட்டி இதற்கெல்லாம் ஒரு பித்தளை அண்டாவோடு முடித்துக்கொண்டாள். காலையில் நிரப்பி முற்றத்து வெயிலில் வைப்பாள், பதினொரு மணிக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டுவாள்.

லடாக்கில் செய்வதும் கிட்டத்தட்ட அண்டா வேலைதான். லே நகருக்குப் பக்கத்தில் ஃபே கிராமத்தில் இருக்கும் செக்மோல் என்ற மாற்றுப் பள்ளி வளாகத்தின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். தெற்குப் பக்கம் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் தாள், உள்ளே தடித்த மண்சுவர். சுவர் பகலில் குடித்த சூட்டை ராத்திரி விடுகிறது. ஆனால் அந்தப் படத்தை அப்படியே கொண்டுவந்து கோத்தகிரியில் கட்டாதீர்கள். லே இருப்பது 34 டிகிரி அட்சரேகையில். மார்கழி உச்சி வேளையில்கூட சூரியன் அங்கே தாழ்ந்து நிற்கும். ஐந்தடி உயர ஜன்னல் என்றால் வெயில் அறைக்குள் எட்டடி வரும். கோத்தகிரி 11 டிகிரியில். அதே நாள், அதே ஜன்னல், மூன்றரை அடிதான் வரும். அதுவும் போதும், உங்கள் குளிர் லடாக் குளிர் இல்லை. மழை விட்ட பிறகு தை, மாசியில் பகலெல்லாம் பளிச்சென்று வெயில், ராத்திரி வெடவெடவென்று குளிர். வெயில் முறை நன்றாக வேலை செய்வது அந்த இரண்டு மாதம்தான். ஐப்பசி மூட்டத்துக்கு ஸ்வெட்டர்தான், வேறு வழி இல்லை.

அதனால் தெற்கே பார்த்த கண்ணாடித் திண்ணை ஒன்று கட்டுங்கள். நீலகிரியின் பழைய பங்களாக்களில் கண்ணாடி போட்ட முன்கூடம் பார்த்திருப்பீர்களே, அதுதான். தரைக்குக் கறுப்புக் கடப்பா, பின்சுவர் கருங்கல்லாகவே இருக்கட்டும். திண்ணைக்கும் அறைக்கும் நடுவில் ஒரு கதவு வையுங்கள். பொழுது சாய்ந்ததும் அதை மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் பகலில் வந்த சூடெல்லாம் அதே கண்ணாடி வழியாகப் போய்விடும். கூரை தகரம் என்றால் அடியில் பலகை அடிக்காமல் விடாதீர்கள்.

வெந்நீருக்கு டியூப் வைத்த சோலார் ஹீட்டர் வாங்குங்கள். இருவருக்கு நூறு லிட்டர் தாராளம். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குழாய், நடுவே காற்றில்லா வெற்றிடம், ஃபிளாஸ்க் மாதிரி. சூடான தண்ணீர் தானே மேலேறும், குளிர்ந்தது இறங்கும், மோட்டார் கிடையாது. என் வீட்டில் பன்னிரண்டு வருஷமாக ஓடுகிறது. ஆனால் முதல் வாரம் நான் பட்ட பாடு! பொருத்திய ஆள், காற்று வெளியேற விடுகிற ஏர் வென்ட் குழாயை மேல் டேங்கின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழேயே நிறுத்திவிட்டார். டேங்க் நிரம்பும் போதெல்லாம் அதன் வழியாக வெந்நீர் மொட்டைமாடியில் ஓடியது. காக்கைகள்தான் சுகமாகக் குளித்தன. இரண்டடி குழாய் ஒட்டியதும் நின்றது.

இன்னொரு நாள் நடந்தது முழுக்க என் தப்பு. ஊருக்குப் போய் வந்தேன், டேங்க் வறண்டிருந்தது, நட்ட நடு வெயில். யோசிக்காமல் மோட்டாரைப் போட்டேன். காலி டியூப் உள்ளே 200 டிகிரிக்கு மேல் காய்ந்து கிடக்கும். பச்சைத் தண்ணீர் பட்டதும் ‘டப்’, ‘டப்’ என்று இரண்டு சத்தம். மாடிக்குப் போனால் தரையெல்லாம் கண்ணாடி, உள்பக்கத்துக் கறுப்பு பளபளக்கிறது. காலி ஹீட்டரை நிரப்புவதென்றால் விடியற்காலையில், இல்லை இருட்டிய பிறகு.

குளியலறையை ஹீட்டருக்கு நேர் கீழே கட்டச் சொல்லுங்கள். முக்கால் இஞ்ச் குழாய் ஐம்பதடி போனால் அதில் நாலைந்து லிட்டர் நிற்கும். காலையில் அவ்வளவும் பச்சைத் தண்ணீராகக் கொட்டிய பிறகுதான் வெந்நீர் வரும்.

சூட்டைக் கரண்ட் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் விளக்கு, ஃப்ரிட்ஜ், டிவி, மிக்ஸி. ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று யூனிட். ஒரு கிலோவாட் பேனலும் நான்கைந்து பாட்டரியும் போதும். சமையலுக்கு கேஸ் இருக்கட்டும். ஈ.பி. இணைப்பையும் வாங்கிவிடுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் தருவது இணைப்போடு சேர்ந்த பேனலுக்குத்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பேனல் கரண்டை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றுகிற, பாட்டரி இல்லாத சாதாரண இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவரின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் பேனல் மின்ன, கீழே வீடு இருட்டாகக் கிடக்கும். மலையில் மரம் விழுந்து கரண்ட் போவது சகஜம், அதனால் பாட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டராகக் கேட்டு வாங்குங்கள்.

டியூப் இரண்டும் அதன் வாய் ரப்பர் நான்கும் கூடுதலாக வாங்கி, சாக்கில் சுற்றிக் கட்டிலடியில் போட்டுவையுங்கள். டியூப்பின் அடிநுனியில் வெள்ளி முலாம் போல ஒரு பூச்சு இருக்கும். காற்று உள்ளே போயிருந்தால் அது பால் போல வெளுத்துவிடும். கடையிலேயே ஒவ்வொன்றாக எடுத்து அதைப் பார்த்து வாங்குங்கள். வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.