யாழ்ப்பாணத்தில் யார் எங்கே குடியிருக்கிறார்கள்? – கடிதமும் பதிலும்

அன்பின் ஐயா,

உலக நகரங்களில் எந்தச் சமூகம் எந்தப் பகுதியில் வாழ்கிறது என்று நீங்கள் எழுதியதை வாசித்தேன். சிக்காகோவையும் கேப்டவுனையும் வைத்து விளக்கியிருந்தீர்கள். யாழ்ப்பாணத்தில் மாடி வீட்டுக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டில் இருக்கிறது. பணக்காரர் பகுதி, ஏழைகள் பகுதி என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அப்படியென்றால் அந்த ஆய்வுகள் எங்களுக்குப் பொருந்தாதா?

புவியியல் மாணவன், கோண்டாவில்

அன்பின் தம்பி,

வருமானத்தை வைத்துத் தேடினால் பொருந்தாதுதான். 1925இல் சமூகவியலாளர் பேர்ஜஸ், நகரம் நடுவிலிருந்து வெளியே வட்டம் வட்டமாக விரிகிறது என்று சிக்காகோவுக்கு வரைந்த வட்டங்கள், வாடகையும் வேலையும் ஆட்களை நகர்த்துகிற ஊருக்கானவை. அங்கே கையில் காசு சேர்ந்தவர் வெளி வட்டத்துக்குக் குடிபோவார். இங்கே வெளிநாட்டுக் காசு வந்தாலும் பழைய வளவிலேயே மாடி எழும்புகிறது. ஏனென்றால் அது அம்மாவுக்குச் சீதனமாக வந்த காணி, நாளைக்கு மகளுக்குப் போகப்போகிற காணி.

எங்கள் ஊரைப் பிரித்து வைத்திருப்பது கலியாணம் என்பதுதான் என் எண்ணம். காணி சீதனமாகக் கைமாறுகிறது, கலியாணம் சாதிக்குள் நடக்கிறது. அப்போது ஒரு ஒழுங்கையில் நூறு வருடம் கழித்தும் அதே ஆட்கள்தான் இருப்பார்கள். சட்டமும் இதற்குத் துணை நின்றது. ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுத்த தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம், காணியை விற்க நினைப்பவர் முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அறிவிக்க வேண்டும் என்கிறது. அந்த முன்வாங்கும் உரிமை, அதைத் திருத்தி எழுதிய 1947ஆம் ஆண்டுச் சட்டத்தோடும் ஒழியவில்லை.

ஒரு பழைய காணி உறுதியை, அதாவது பத்திரத்தை, எடுத்துப் பாருங்கள். இத்தனை பரப்பு, எல்லைகள் இன்னின்ன என்று எழுதிய பிறகு, கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் பாத்தியமும் வரும். நாலு வளவுக்கு ஒரு பங்குக் கிணறு. காணியை வெளியாருக்கு விற்றால் அவர் வந்து அந்தக் கிணற்றில் அள்ளுவார். யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம் என்று அடிபட்ட ஊரில், காணி விற்பனை எப்படிச் சொந்தக்காரரின் தனி விஷயமாக இருந்திருக்கும்? இன்று குழாய்க் கிணறும் தண்ணீர்த் தாங்கியும் வந்துவிட்டன. ஆனாலும் தரகர் வாயில் முதலில் வருகிற கேள்வி, “வாங்கிற ஆக்கள் ஆர்?” என்பதுதான். விலை அதற்குப் பிறகுதான். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அமெரிக்காவில் 1930களில் அரச நிறுவனமொன்று கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைப் படத்தில் சிவப்பாக்கி, கடன் கொடுக்க ஆபத்தான இடமென்று குறித்தது. அது காகிதத்திலாவது இருந்தது. 1968இல் வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் வந்தது. தரகரின் கேள்வியை எந்த நீதிமன்றத்தில் காட்டுவது?

குருநகர், பாசையூர்ப் பக்கம் கடற்றொழிலோடு சேர்ந்த குடியிருப்புகள். அதைத் தொழிலும் கரையும் கொஞ்சம் விளக்கிவிடும். முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவை அப்படி விளக்க முடியாது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். தலைமுறை தலைமுறையாக இருந்த ஒரு சமூகம் ஒரே நாளில் ஊர்ப் படத்திலிருந்து அழிக்கப்பட்டது. தென்னாபிரிக்க அரசு, எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துக் கேப்டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸிலிருந்து அறுபதாயிரம் பேருக்கு மேல் அகற்றியதைக் கண்டித்துப் பேசுகிற நாங்கள், இதையும் அதே குரலில் சொல்ல வேண்டும். வெளியேறியவர்களில் பலர் போய்ச் சேர்ந்த புத்தளத்தில் பிள்ளைகள் வளர்ந்து ஒரு குடும்பம் மூன்று நாலாகிவிட்டது. சோனகத் தெருக் காணி வளரவில்லை. திரும்பி வர நினைத்த பலருக்கு அதுவே பெரிய தடை.

இன்னொன்றையும் பாருங்கள். போரால் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாகம், சுன்னாகம் முகாம்களில் கடைசிவரை தங்கியவர்களில், ஊரில் சொந்தக் காணியே இல்லாத ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள் நிறைய. இராணுவம் வைத்திருந்த காணி விடுவிப்பு என்ற செய்தி அவர்களுக்கு எதைக் கொடுக்கும்? சீதனக் காணி இருந்தவருக்குத் திரும்பிப் போக ஒரு வளவாவது இருந்தது.

சிங்கப்பூரில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் அரச அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் ஒவ்வொரு இனமும் எவ்வளவு இருக்கலாம் என்று 1989 முதல் வரம்பு உண்டு. அந்த வரம்பால் வீட்டை விற்க முடியாமல் திண்டாடுகிற சிறுபான்மையினரும் இருக்கிறார்கள், அதனால் அப்படியே எடுத்து வரச் சொல்லமாட்டேன். ஆனால் யார் யாருக்குப் பக்கத்தில் இருப்பது என்பதை அரசின் வேலையாக எடுத்தது சரி. இங்கேயும் காணியற்றவர்களுக்கு வீடு கட்டும்போது ஊர் ஓரத்தில் தனிக் குடியேற்றமாக ஒதுக்காமல், பாடசாலையும் பஸ்ஸும் இருக்கிற ஊர் நடுவில் காணி வாங்கிக் கொடுக்கலாம்.

உங்கள் ஆய்வுக்கு வருமானக் கணக்கை விடுங்கள். ஒரு ஒழுங்கையைத் தெரிந்தெடுத்து, மூன்று தலைமுறைக்கு ஒவ்வொரு வளவும் யார் கையிலிருந்து யாருக்குப் போனது, சீதனமா விலையா என்று உறுதிகளைப் பார்த்துக் குறியுங்கள். காணிப் பதிவகத்திலும் தேடலாம். பங்குக் கிணறுகளையும் படத்தில் போட மறக்காதீர்கள். முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், கட்டாயம் வாசிப்பேன்.