ஊசா தொட்டது பெட்டியை, நீங்கள் எதைத் தொட்டீர்கள்?

"போன மாதம் எனக்குக் கரு கலைந்துவிட்டது. ஆறுதல் சொல்ல வந்த சபை மூப்பர் ஒருவர், 'கர்த்தர் பரிசுத்தர், கீழ்ப்படியாததற்குச் சிட்சிக்கிறார், ஊசாவை நினைத்துக்கொள்' என்றார். விழப்போன பெட்டியைப் பிடித்ததற்கே சாவு என்றால் எனக்கு ஜெபிக்கவே கை நடுங்குகிறது." (ஒரு வாசகி)

அன்புச் சகோதரி, உங்கள் கரு கலைந்தது தண்டனை என்று சொல்ல அந்த மூப்பருக்கு வேதத்தில் எந்த ஆதாரமும் இல்லை. நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனாலும் தப்பு தப்புதான்.

சரி, ஊசாவுக்கு வருவோம். தேவனுடைய உடன்படிக்கைப் பெட்டியைத் தாவீது ராஜா எருசலேமுக்கு வண்டியில் கொண்டுபோகும்போது மாடு மிரண்டது, ஊசா கை நீட்டிப் பெட்டியைப் பிடித்தான், அங்கேயே செத்தான். 2 சாமுவேல் 6-ஐ மட்டும் படித்தால் யாருக்கும் உங்கள் கேள்விதான் வரும். தாவீதே விசனப்பட்டான், பயந்தான், பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுபோகாமல் ஓபேத்ஏதோம் வீட்டில் விட்டுவிட்டான். ஆனால் அந்தப் பெட்டி எப்படிப் போகவேண்டும் என்பது முன்பே எழுதியிருந்தது: தண்டு கோத்து, தேவ பணிக்கென்று பிரித்த லேவியரில் கோகாத் வம்சத்தார் தோளில் சுமக்கவேண்டும், தொட்டால் சாவார்கள் (எண்ணாகமம் 4:15). மற்ற லேவியருக்கு வண்டி கொடுத்த மோசே இவர்களுக்கு ஒரு வண்டிகூடக் கொடுக்கவில்லை. புது வண்டியில் மாடு பூட்டிப் பெட்டியை அனுப்பியது பெலிஸ்தர். அவர்கள் கையில் மோசே கொடுத்த நியாயப்பிரமாணம் இல்லை. இஸ்ரவேலரிடம் இருந்தது, இருந்தும் பெலிஸ்தர் செய்த மாதிரியே செய்தார்கள். ஆக, ஊசா கை நீட்டுவதற்கு வெகுமுன்பே, வண்டி கட்டியபோதே தப்பு தொடங்கிவிட்டது, அதைத் தாவீது அப்புறம் லேவியரிடம் வாய்விட்டே ஒத்துக்கொள்கிறான் (1 நாளாகமம் 15:13). இடையில் 3 மாதம் அதே பெட்டி இருந்த ஓபேத்ஏதோம் வீட்டைக் கர்த்தர் ஆசீர்வதித்தார்.

ஊசாவின் சாவு எனக்கு இன்றும் வலிக்கிற பகுதிதான். ஆனால் அங்கே காரணத்தை வேதமே சொல்கிறது. உங்கள் விஷயத்தில் காரணம் சொன்னது ஒரு மனிதர்.

இதே வேலையை யோபுவிடம் அவன் சிநேகிதன் எலிப்பாஸ் செய்தான். 10 பிள்ளைகளைப் பறிகொடுத்து உட்கார்ந்திருந்தவனிடம் போய், 'சர்வவல்லவருடைய சிட்சையை அற்பமாக எண்ணாதிரும்' என்றான் (யோபு 5:17). வார்த்தையில் குறையில்லை, நீதிமொழிகள் 3:11-லும் ஏறக்குறைய அதேதான் இருக்கிறது. ஆனால் கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது எலிப்பாஸ் மேலும் அவனோடு வந்த மற்ற இரண்டு சிநேகிதர் மேலும்தான். இன்னொன்று, அங்கே 'சிட்சை' என்று நாம் வாசிக்கும் எபிரெயச் சொல் மூசார். நீதிமொழிகள் 1:8-ல் 'உன் தகப்பன் புத்தியைக் கேள்' என்ற இடத்திலும் அதே சொல்தான். பிள்ளையை உட்காரவைத்துப் புத்தி சொல்லும் அப்பாவுக்கு, எதற்காகச் சொல்கிறோம் என்பதைப் பிள்ளையிடம் மறைக்கவேண்டிய அவசியமே இல்லை. எதற்கென்றே தெரியாமல் நீங்கள் நடுங்கிக்கொண்டிருக்கிறீர்களே, அதை எப்படி மூசார் என்பது?

அந்த மூப்பர் மறுபடி வந்தால் உங்கள் கணவர் பேசட்டும், நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஜெபிக்க வார்த்தை வரவில்லையென்றால் 13-ம் சங்கீதத்தை எடுங்கள், 6 வசனம்தான். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்றுதான் தாவீது அதைத் தொடங்குகிறான். இன்றைக்கு அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டாலும் போதும்.