தவறிப்போன விற்றமின் ஏ, கீரை உண்ணாத பிள்ளை

சகோதரி, இரண்டு வயது மகனுக்குப் பதினெட்டாம் மாத விற்றமின் ஏ தவறிவிட்டதால், களுவாஞ்சிக்குடி மருந்தகத்தில் வில்லை வாங்கி அவனுக்குக் கொடுக்கலாமா, நான்கு மாதக் கர்ப்பிணியான நீங்களும் விழுங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். இந்த விற்றமின் மிகுதியானால் சிறுநீரோடு வெளியேறாமல் ஈரலில் தேங்கும். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் பெருமளவு உட்கொண்டால் சிசுவின் உறுப்பு வளர்ச்சியே பாதிக்கப்படலாம். அதனால் கர்ப்பகாலத்தில் ஈரல் கறியையும் அளவோடு உண்ணுங்கள்.

மகனின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். 5 வயது வரை ஆறு மாதத்துக்கொரு முறை வழங்கப்படும் மருந்து இது. தவறியதை எப்போது கொடுப்பதென்று அவர் சொல்வார்.

கீரையைத் துப்பும் பிள்ளையை வற்புறுத்த வேண்டியதில்லை. நன்கு பழுத்த பப்பாசி, மாம்பழம், முட்டை மஞ்சட்கரு ஆகியவற்றிலும் விற்றமின் ஏ சத்து உண்டு. மஞ்சள் பூசணியை அவித்து மசித்து, ஒரு கரண்டி தேங்காய்ப்பால் விட்டுச் சோற்றோடு பிசைந்தால், கொழுப்போடு சேரும்போதே நன்கு உறிஞ்சப்படும் இச்சத்து அவனுக்கு முறையாகக் கிடைக்கும். வேலியோர முருங்கையின் இளம் இலைகளை உருவி, அரிந்து, பருப்புக் கறி இறக்கும் நேரத்தில் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதை ஒதுக்குவதில்லை. அதே கறி உங்களுக்கும் நல்லது, ஏனெனில் இலைகளிலுள்ள கரோட்டின் என்ற சத்தை உடல் தேவைக்கேற்பவே விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும்.

பொழுதுபட்டதும் அவன் தட்டுத்தடுமாறினாலோ, கண்ணின் வெண்பகுதி வறண்டு மங்கினாலோ, கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.