மொரிஸ் மைனர் காருக்குப் புதுப் பின் ஸ்பிரிங் பூட்டிய பிறகு பின்பக்கம் தூக்கி நிற்பது ஏன்?

கேள்வியிலேயே பதில் இருக்கிறது: ‘ஜக்கியில் தூக்கி வைத்தே எல்லா நட்டையும் இறுக்கினேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்கின் முனையில், போல்ட் போகும் வளையத்துக்குள் (அதுதான் ‘கண்’) இருக்கும் றப்பர் புஷ், அதாவது றப்பர் உறை, வழுக்கிச் சுழல்வதில்லை, முறுகித்தான் கொடுக்கும். அக்சில் தொங்கும்போது இறுக்கினால் றப்பர் அந்த நிலையையே பிடித்துக்கொள்ளும். கார் கீழே இறங்கியதும் முறுகி, பின்பக்கத்தை மேலே தள்ளும். நாளடைவில் கிழிந்தும் போகும்.

ஸ்பிரிங்கைக் கழற்றத் தேவையில்லை. நான்கு சில்லும் நிலத்தில் நிற்கட்டும். ஸ்பிரிங்கின் முன் போல்ட்டையும், அதன் பின்முனையைக் காரோடு இணைக்கும் சக்கிளின் நட்டுகளையும் தளர்த்தி, காரை முன்னும் பின்னும் உருட்டி, பின்பக்கத்தை நாலைந்து தரம் அமுக்கிவிட்டு இறுக்குங்கள். ஸ்பிரிங்கை அக்சிலோடு கட்டும் யூ போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக இறுக்க வேண்டும். கொஞ்சம் ஓடியபின் இன்னொருமுறை பாருங்கள், இளகியிருக்கக்கூடும்.

நானும் முதல்தரம் புஷ்ஷுக்குக் கிறீஸ் பூசித்தான் ஏற்றினேன். றப்பர் ஊதிப் பழுதாகிவிட்டது. சவர்க்காரத் தண்ணீர் போதும்.

அப்புறம், யாழ்ப்பாணத்து உப்புக் காற்றுக்கு ஸ்பிரிங் மாட்டும் இடத்துத் தகடு சுலபமாகக் கறள் பிடிக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் முதல் வேலை வெல்டிங்.